திடீரென்று விழும் குதிரை: இதயத் தசை நோயும் நமது கால்நடைகளும்

மாலையில் வழமைபோல் வைக்கல் தின்று, தண்ணீர் குடித்துப் படுத்த மாடு, விடியற்காலையில் கால்களை நீட்டி விறைத்துக் கிடப்பதுண்டு. துள்ளித் திரிந்த கன்று தாயின் மடியை நோக்கி ஓடும்போதே விழுந்து இறப்பதுண்டு. பாம்பு தீண்டிவிட்டது என்பார் ஒருவர். நாவூறு என்பார் மற்றொருவர். அயலவன் ஏதோ வைத்துவிட்டான் என்று மூன்றாமவர் சொல்லத் தொடங்கினால், அந்த மாட்டோடு சேர்ந்து இரு குடும்பங்களின் உறவும் செத்துவிடும்.

1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டுத்தான் படகேறின. மீண்டும் வந்து காணி துப்புரவாக்கி, ஒரு பசுவை வாங்கிக் கட்டியிருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பசு வெறும் மாடு அல்ல. பிள்ளைகளின் பால், தோட்டத்தின் எரு, அவசரத்துக்கு விற்கக்கூடிய கையிருப்பு எல்லாம் அதுவே. அது ஓர் இரவில் போய்விட்டால் குடும்பம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, "ஏன் செத்தது?" என்ற கேள்விக்குச் சரியான விடை தேடுவது நமக்கு மிகவும் அவசியமாகும். விடை தெரிந்தால்தான் பட்டியில் மிஞ்சியவற்றைக் காப்பாற்றலாம்.

திடீர்ச் சாவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் அதிகம் பேசாத ஒன்று இதயத் தசையின் பழுது. இதனைப் பற்றி உலகெங்கும் மிகுதியாக ஆராயப்பட்ட கால்நடைகளுள் குதிரை முக்கியமானது. குதிரை ஓடும் பிராணி. அதன் இதயம் சோர்ந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி விழுந்துவிடும். எனவே குதிரையிலிருந்து தொடங்கி நமது கொட்டிலுக்கு வருவோம்.

நெடுந்தீவுக் குதிரைகள்

குதிரையைப் பார்க்கத் தீவக மக்கள் தூரதேசம் போக வேண்டியதில்லை. நாரந்தனையிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கே படகேறினால் நெடுந்தீவு. கற்பாறையும் தரவையும் பனங்கூடலுமான அந்தத் தீவில் குதிரைகள் ஆளில்லாமல் கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை இவை என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தனர். தங்கள் ஊரான டெல்ப்ட்டின் பெயரையே தீவுக்கு இட்டவர்களும் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரியான லெப்டினன்ட் நோலன் அந்தத் தொழிலை நடத்தினார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இக்குதிரைகளுக்குக் கொட்டிலும் இல்லை, தீனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் தரவை பசுமையாகும். குளங்களும் கேணிகளும் நிரம்பும். கோடையில் புல் கருகும், தண்ணீர் வற்றும். கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் தண்ணீரின்றிக் குதிரைகள் மடிந்ததைத் தீவகத்தார் அறிவர். தாகத்தால் சாவது என்றால் என்ன? உடலில் நீரும் உப்புக்களும் குறையும்போது இறுதியில் தோற்றுப்போகும் உறுப்புகளுள் இதயம் முக்கியமானது. அதனை விளங்கிக்கொள்ள, அந்த இதயம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இரண்டு வேலை செய்யும் தசை

நடுத்தரமான ஒரு குதிரையின் இதயம் ஏறத்தாழ நான்கு கிலோகிராம் நிறையுள்ளது. ஓய்வாக நிற்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை வரையே துடிக்கும். மனிதனுக்கு இது 70 அளவில் இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே குதிரை முழுவேகத்தில் ஓடும்போது துடிப்பு 220க்கு மேல் ஏறும். பழக்கப்பட்ட ஒரு பந்தயக் குதிரையின் இதயம் அவ்வேளையில் ஒரு நிமிடத்தில் 200 லீற்றருக்கும் அதிகமான இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதாவது ஒரு பெரிய எண்ணெய்ப் பரல் நிறைந்த அளவு, ஒவ்வொரு நிமிடமும்.

இந்த வேலையைச் செய்வது இதயத்தின் சுவரான தசை. அந்தத் தசைக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவது. மற்றது, சுருங்குவதற்கான மின்சமிக்ஞையை ஒழுங்காக ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குக் கடத்துவது. சோடியம், பொற்றாசியம், கல்சியம் என்னும் உப்புக்கள் கலத்தின் சுவர் வழியாக உள்ளேயும் வெளியேயும் போய்வருவதாலேயே இந்தச் சமிக்ஞை உண்டாகின்றது.

துலாவில் தண்ணீர் இறைத்த காலத்தை மூத்தவர்கள் நினைவுகூரலாம். துலா மிதிப்பவரும் பட்டை பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் இசைந்து வேலை செய்தால்தான் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும். இருவரும் பலசாலிகளாயிருந்தும் தாளம் தப்பினால் பட்டை வெறுமையாகவே வரும். இதயத்திலும் அப்படித்தான். தசையின் ஒரு பகுதி அழிந்து அவ்விடத்தில் தழும்பு உண்டானால், சமிக்ஞை அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கலாம். அப்போது இதயம் முழுவதும் ஒன்றாகச் சுருங்காமல், புழுக்கள் நெளிவதுபோல் நடுங்கும். நடுக்கம் இருக்கும், இரத்தம் வெளியே போகாது. சில விநாடிகளில் மூளைக்கு இரத்தம் நின்றுவிடும். பிராணி தள்ளாடி விழும். கால்களை ஓரிரு தடவை உதைக்கும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். சாவு ஒரு நிமிடத்தில் வந்தது. ஆனால் அதற்கு வழிவகுத்த பழுது பல வேளைகளில் நாட்கள், வாரங்கள், ஏன் மாதங்களுக்கு முன்னரே தசையில் உண்டாகிவிட்டது. அந்த இடைக்காலமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

தசை பழுதாகும் வழிகள்

1. காய்ச்சல். வைரசுகள் பல, உடலெங்கும் பரவும்போது இதயத் தசையையும் தாக்குகின்றன. குதிரைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் இதற்கு உதாரணம். காய்ச்சல் விட்டதும் குதிரை நன்றாக மேயும். சுகமாகிவிட்டது என்று நாம் எண்ணுவோம். தசையோ இன்னும் ஆறியிருக்காது. அந்நிலையில் ஓடவிட்டால் ஆபத்து. அதனாலேயே, காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கிழமை வீதம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் குதிரை வைத்தியர்கள் பின்பற்றுகின்றனர். மூன்று நாள் காய்ச்சலென்றால் மூன்று கிழமை ஓய்வு. ஆபிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய வைரசு நோயில் இதயத்தைத் தாக்கும் ஒரு வடிவமே தனியாக உண்டு. கண்ணுக்கு மேலேயுள்ள குழி வீங்குவது அதன் அடையாளம். நுளம்பைவிடச் சிறிய ஒருவகைக் கடிபூச்சியால் பரவும் இந்நோய் 1960ஆம் ஆண்டளவில் இந்தியா வரை வந்தது. 2020இல் தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது.

2. தவறான தீன். கோழிக்குஞ்சுகளுக்கு வரும் இரத்தக்கழிச்சலைத் தடுக்க, சில கோழித்தீன்களில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலக்கப்படுகின்றன. கோழிக்கு அது நன்மை. குதிரைக்கோ அது நஞ்சு. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 அல்லது 3 மில்லிகிராம் போனாலே குதிரை சாகக்கூடும். கோழி தாங்கும் அளவு இதைவிடப் பல மடங்கு கூடியது. இம்மருந்து தசைக் கலத்துக்குள் சோடியத்தை மிகையாகப் புகவிடுகிறது. அதைத் தொடர்ந்து கல்சியமும் நிறைந்து, கலம் அழிகிறது. உடனே சாகாமல் தப்பிய குதிரையின் இதயத்தில் தழும்பு நின்றுவிடும். சில மாதங்கள் சென்று, ஒரு நாள் சற்று வேகமாக ஓடும்போது அது விழுந்து இறக்கும். அன்று எவருக்கும் பழைய கோழித்தீன் நினைவுக்கு வராது. கழுதையும் குதிரையின் இனமே. மன்னாரில் கழுதைகள் மத்தியில் வாழும் நமது மக்கள் இதை மனதிற் கொள்ளவும். ஆடும் மாடும் குதிரையைவிடக் கூடுதலாகத் தாங்கும்; ஆனாலும் கோழித்தீன் மூடையை உடைத்து ஆடுகள் வயிறு நிறையத் தின்றால் அவற்றின் இதயமும் பழுதாகும்.

3. நச்சுச் செடிகள். நமது முற்றத்திலும் வேலியோரத்திலும் பூவுக்காக வளர்க்கும் அலரி, இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. செவ்வலரி, வெள்ளலரி, மஞ்சள் அலரி எல்லாவற்றிலும் இந்நஞ்சு இலை, பூ, விதை, பட்டை எங்கும் உண்டு. கலத்திலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் ஒழுங்கை அது தடுத்துவிடுகிறது. செவ்வலரியில் இருபது முப்பது இலைகள் வளர்ந்த ஒரு குதிரையையோ மாட்டையோ கொல்லப் போதுமானவை. பச்சை இலை கசப்பாதலால் பசியில்லாத மாடு அதைத் தொடாது. வெட்டிப் போட்டு வாடியபின் கசப்புக் குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. காய்ந்து சருகானாலும் நஞ்சுதான். எருக்கலையின் பாலிலும் இதே இனத்து நஞ்சு இருக்கிறது.

இது மீளக்குடியமரும் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும் செய்தியாகும். பல ஆண்டுகள் ஆளில்லாமற் கிடந்த வளவுகளில் அலரி மரமாக வளர்ந்து நிற்கும். துப்புரவு செய்பவர்கள் அதனை மற்றக் குழைகளோடு சேர்த்து வெட்டி ஒழுங்கையோரம் குவிப்பார்கள். கோடையில் புல்லில்லாமல் அலையும் மாடு அந்தக் குவியலில் வாய் வைக்கும்.

4. சத்துக் குறைவும் மிகுதியும். செலனியம் என்னும் தாதுவும் விற்றமின் ஈயும் தசையைக் காக்கும் இரு பொருட்கள். பச்சைப் புல்லில் விற்றமின் ஈ தாராளமாக உண்டு. நீண்ட நாள் காய்ந்த வைக்கலில் அது பெரும்பாலும் அழிந்துவிடும். செலனியம் மண்ணிலிருந்து புல்லுக்கு வருவது. இவை குறைந்தால் குதிரைக்குட்டி, கன்று, செம்மறிக்குட்டி முதலியவற்றின் தசை வெளிறி அழியும். இதனை வெண்தசை நோய் என்பர். இதயத் தசை தாக்கப்பட்ட குட்டி திடீரென இறக்கும்.

அப்படியானால் செலனியத்தை அள்ளிக் கொடுக்கலாமா? 2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் போலோ விளையாட்டுக்கு வந்த ஒரே அணியின் 21 குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. அவற்றுக்கு ஏற்றப்பட்ட சத்துமருந்தில், கலந்தவர்களின் தவறினால் செலனியம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. குறைந்தால் கொல்வது, கூடினாலும் கொல்லும். எனவே சத்தூசியை மிருக வைத்தியரின் அளவின்படி மட்டுமே ஏற்ற வேண்டும்.

5. வெயில், தாகம், களைப்பு. குதிரை மிகுதியாக வியர்க்கும் பிராணி. அதன் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் கூடியது. வெயிலில் நீண்ட நேரம் ஓடும் குதிரை தண்ணீரோடு சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கல்சியத்தையும் இழக்கிறது. சமிக்ஞை உண்டாவதே இவ்வுப்புக்களால் என்று மேலே கண்டோம். அவை குலைந்தால் பழுதற்ற இதயமும் தாளம் தப்பும். ஏற்கெனவே தழும்புள்ள இதயம் நின்றுவிடும்.

இத்தனை காரணங்களையும் ஆராய்ந்தபின்னும் விடை கிடைக்காத சாவுகள் உண்டு. 2021இல் அமெரிக்காவின் கென்டக்கி டேர்பி ஓட்டத்தில் முதலாவதாக வந்து, பின்னர் தடைசெய்யப்பட்ட மருந்து காரணமாக வெற்றி பறிக்கப்பட்ட மெடினா ஸ்பிரிட் என்னும் குதிரை, அதே ஆண்டு டிசெம்பர் 6ஆம் திகதி பயிற்சி ஓட்டத்தை முடித்ததும் விழுந்து இறந்தது. விரிவான பிரேத பரிசோதனை நடந்தது. இதயம் நின்றிருக்கலாம் என்பதற்கு இசைவான அடையாளங்கள் கண்டறியப்பட்டன. இன்னதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மின்சமிக்ஞை குலைவது தசையில் அடையாளம் எதையும் விட்டுச் செல்லாமலும் இருக்கலாம் என்பதே இதற்கான விளக்கம். ஆகவே சந்தேகத்தின் பேரில் எவரையும் குற்றஞ்சாட்டுமுன் நாம் பொறுமை காப்பது நல்லது.

நமது மாடுகளும் ஆடுகளும்

குதிரைக்கு வராத, ஆனால் நமது பட்டிகளில் இதயத் தசையைத் தாக்கும் பெரிய நோய் ஒன்று உண்டு. அது கால்வாய் நோய். கோமாரி என்றும் சொல்வர். 2014ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பரவலாகத் தோன்றியது நினைவிருக்கலாம். வளர்ந்த மாட்டுக்கு வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் வரும், எச்சில் ஒழுகும், நொண்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சாவது அரிது. கன்றுகளிலோ வைரசு நேரே இதயத் தசைக்குப் போகிறது. அவற்றுள் நூற்றுக்கு 20 அல்லது அதற்கும் மேல் இறக்கலாம். வாயில் ஒரு கொப்புளம்கூடத் தோன்றுமுன்னரே கன்று செத்துவிடும். பால் குடிக்கும்போதோ ஓடும்போதோ விழும். அந்தக் கன்றின் இதயத்தை அறுத்துப் பார்த்தால் சிவந்த தசையில் வெளிறிய மஞ்சள் வரிகள் ஓடியிருக்கும். இதனாலேயே வைத்திய நூல்கள் இதனைப் புலி இதயம் என்கின்றன. ஆட்டுக்குட்டிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் இதுவே நடக்கும்.

எனவே தாய்மாடுகள் எச்சில் ஒழுகி நிற்கும் காலத்தில் கன்று திடீரென இறந்தால், நாவூறு என்று வேப்பிலை கட்டுவதால் பயனில்லை. நோயுற்ற தாயின் பாலிலும் வைரசு உண்டு. மிஞ்சிய கன்றுகளைத் துரத்தவோ முரட்டுத்தனமாகப் பிடிக்கவோ கூடாது. பழுதான இதயத்துக்கு அந்தச் சிறு ஓட்டமே முடிவாகிவிடும். நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. ஊசி போட்ட பசுவின் கடும்புப்பால் கன்றுக்கு முதல் மாதங்களில் காப்பளிக்கிறது. ஆகவே பசுவுக்கு ஊசி போடுவது கன்றின் இதயத்துக்கும் காவலாகும்.

இந்நோயிலிருந்து தேறிய மாடுகளுள் சில, பின்னரும் வெயிலைத் தாங்காமல் நாக்கை நீட்டி இளைத்துக்கொண்டே நிற்கும். அத்தகைய மாட்டை வண்டிலிலோ ஏரிலோ பூட்டக்கூடாது. சவாரி மாடு வைத்திருப்பவர்கள் இதனை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காய்ச்சலடித்த நாம்பனைப் பரிசுக்காகச் சவாரியில் பூட்டுவது, சளிக்காய்ச்சல் பிடித்த குதிரையைப் பந்தயத்தில் ஓட்டுவதற்கு ஒப்பானது.

போர் நடந்த மண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மாடு தின்பதை நன்றாக மெல்லாமல் விழுங்கும். முட்கம்பித் துண்டும் ஆணியும் புல்லோடு வயிற்றினுட் போகும். முன்னிரைப்பைக்கும் இதயத்துக்கும் இடையே சில அங்குல தூரமே உண்டு. கம்பி துளைத்துச் சென்று இதயத்தைச் சூழ்ந்த பையில் சீழ் பிடிக்கச் செய்யும். இது தசையில் தொடங்கும் நோயல்லவாயினும் இதயத்தையே நெரித்துக் கொல்லும். வேலி அடைக்கும்போது வெட்டும் கம்பித் துண்டுகளை ஒரு தகரத்தில் போட்டு வைக்கும் பழக்கம் ஒரு பசுவைக் காப்பாற்றும்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

எல்லா இதயங்களும் அறிவிக்காமல் நிற்பதில்லை. கீழ்க்கண்டவற்றைக் கண்டால் மிருக வைத்தியரை அழையுங்கள்.

- வழமையான வேலைக்கே விரைவில் களைத்து நிற்றல், தள்ளாடுதல், மயங்கி விழுந்து எழும்புதல்.
- கழுத்தின் இரு பக்கப் பள்ளத்திலும் ஓடும் பெரிய நாளம் கயிறுபோல் புடைத்து, தாடை வரை துடித்தல்.
- முன்னங்கால்களுக்கு இடையிலும் நெஞ்சின் கீழும் நீர் கோத்து வீங்குதல். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.
- ஓய்வாக நிற்கும்போதும் மூச்சு வாங்குதல், இருமுதல்.
- நாடித்துடிப்பு மிகவும் கூடியிருத்தல் அல்லது ஒழுங்கின்றி இருத்தல்.

நாடியை நீங்களே பார்க்கலாம். மாட்டுக்கு வாலின் அடிப்பகுதியில், உட்புற நடுவில் விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். குதிரைக்குக் கீழ்த்தாடை எலும்பின் உட்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். வளர்ந்த பசுவுக்கு ஓய்வில் 60 முதல் 80 வரை இருக்கும், கன்றுக்குக் கூடுதல். சுகமாயுள்ள நாளில் எண்ணி ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், சுகமில்லாத நாளில் ஒப்பிட உதவும். ஓய்வில் நிற்கும் சுகமான குதிரைக்கு இடையிடையே ஒரு துடிப்புத் தவறுவதுண்டு. சிறிது நடத்தியதும் அது ஒழுங்காகிவிட்டால் பயப்படத் தேவையில்லை. மாட்டில் அப்படித் தவறினால் வைத்தியரிடம் காட்டுவதே நல்லது.

இறந்தபின் செய்ய வேண்டியது

மாடு இறந்துவிட்டால் இனிச் செய்ய என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் செய்ய வேண்டியவை பல உண்டு.

முதலாவது, நீங்களாக அறுக்க வேண்டாம். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கருமையான, உறையாத இரத்தம் வந்திருந்தால் அது அந்திராக்ஸ் என்னும் அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். அது மனிதருக்கும் தொற்றும். அந்த உடலைத் தொடவோ தோலுரிக்கவோ இறைச்சிக்கு எடுக்கவோ கூடாது. திடீரென்று இறந்த எந்தப் பிராணியின் இறைச்சியையும் உண்ணாதிருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, உடனடியாக அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். நமது வெயிலில் சில மணி நேரத்துக்குள் உடல் அழுகத் தொடங்கும். அதன்பின் இதயத்தைப் பார்த்தும் பயனில்லை. வைத்தியர் தேவையெனக் கண்டால் இதயத்தின் துண்டுகளை எடுத்துப் பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்துக்கு அனுப்பலாம். கண்ணுக்குப் புலப்படாத தசை அழிவு நுணுக்குக்காட்டியில் தெரியும்.

மூன்றாவது, வைத்தியர் வருமுன் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: கடைசியாகத் தின்ற தீனில் ஒரு பிடி, தீன் மூடையின் சீட்டு, மேய்ந்த இடத்தில் கிடந்த குழை, அண்மையில் ஏற்றிய மருந்தின் போத்தல். கடந்த இரண்டு மாதங்களில் காய்ச்சல் வந்ததா, புதிய மாடு பட்டிக்கு வந்ததா என்பதையும் சொல்லுங்கள். காரணம் பழையதாக இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, உடலைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு இடுங்கள். தீவகத்தில் நன்னீர் அருமை. நமது கற்பாறை நிலத்தில் மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

இன்றே செய்யக்கூடியவை

கோழித்தீனைத் தனி மூடையில், ஆடுமாடு எட்டாத இடத்தில் வையுங்கள். கோழிக்குக் கலந்த வாளியில் மாட்டுக்குத் தவிடு குழைக்க வேண்டாம். வளவு துப்புரவாக்கும்போது அலரியைப் புறம்பாக வெட்டிக் குழியில் புதையுங்கள். எரித்தால் அதன் புகையும் கெடுதி செய்யும். மாட்டுக் கொட்டிலுக்கு அருகே வேலி அடைக்கப் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் இருக்கின்றன; அலரி தேவையில்லை. வைக்கலோடு நாளுக்கு ஒரு கட்டுப் பச்சைக் குழையாவது கொடுங்கள். கோடையில் தண்ணீர்த் தொட்டி வெறுமையாக ஒரு பொழுதும் கிடக்கக்கூடாது. அருகில் சிறிது உப்பும் இருக்கட்டும். கால்வாய் நோய்த் தடுப்பூசியை வைத்தியர் சொல்லும் கால இடைவெளியில் தவறாமல் போடுங்கள். ஒரு பட்டிக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. ஊர் முழுவதும் ஒரே காலத்தில் போட வேண்டும். கட்டாக்காலி மாடுகள் திரியும் இடத்தில் இது இன்னும் அவசியம்.

ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கொப்பி வைத்தால் போதும். எந்த மாடு, எந்த நாள், எப்படி இறந்தது, முன்னர் என்ன நோய், என்ன தீன் என்று எழுதி வாருங்கள். ஒரு குடும்பத்துக்குத் தற்செயலாகத் தோன்றும் சாவு, பத்துக் குடும்பங்களின் குறிப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது காரணத்தோடு தெரியும். ஒரே கடையில் வாங்கிய தீன், ஒரே ஒழுங்கையில் குவித்த குழை, ஒரே கிழமையில் பரவிய காய்ச்சல் என்று அது வெளிப்படும். அந்தக் கொப்பியை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எவருடைய பசுவும் எவருடைய பொறாமையாலும் சாகவில்லை என்பதையும் அதே கொப்பி பல வேளைகளில் எடுத்துக்காட்டும்.